முதல்நிலை வைத்தியரும் முதல் நோயாளியும்

ஐம்பத்தாறு வயதில், ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, லேபிள்காரர் மூலிகை வைத்தியராகிவிடுவது என்று தீர்மானித்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் தீர்மானத்தை உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து மனைவியிடம் அறிவித்தார்.

"நான் வைத்தியர் ஆகப் போறேன்."

அவள் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாருக்கு?"

"ஊருக்கு."

"ஊர் என்னங்க பாவம் பண்ணுச்சு?"

இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் அசைந்துகொடுக்கிற ஆள் இல்லை அவர். முப்பது வருஷமாக ஓர் அச்சகத்தில் லேபிள் பிரிவுக்கு மேற்பார்வையாளர். தேன் புட்டி, மை புட்டி, தலைக்கு எண்ணெய், தரைக்குப் பினாயில் எதுவானாலும் அதன் முகத்தில் ஒட்டுகிற லேபிள் அவர் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். ஒரு எழுத்துப் பிழை விட்டதில்லை. பார்டர் ஒரு நூல் கோணினால் மொத்தத் தாளையும் திருப்பி அனுப்பிவிடுவார். புட்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் அவர் விசாரித்ததே கிடையாது. அது அவர் இலாகா இல்லை.

போன வாரம் அச்சகத்துக்கு ஒரு நோட்டீஸ் வேலை வந்திருந்தது. 'மூலிகை மருத்துவம், தொடக்க நிலை. அடிப்படைச் சொற்கள் கற்பிக்கப்படும். ஞாயிறுதோறும், பன்னிரண்டு வாரம்.' புரூஃப் திருத்தும்போதே மனிதர் சொக்கிப்போய்விட்டார். சூரணம், லேகியம், தைலம், களிம்பு, அனுபானம்! இவ்வளவு அழகான சொற்கள் உலகத்தில் இருக்க, தான் இத்தனை நாள் பினாயிலுக்கு லேபிள் அடித்துக்கொண்டிருந்தோமே என்று அவருக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது.

வகுப்பில் சேர்ந்தார். மூன்றே வாரத்தில் வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாமல் போனது.

"டீ ஆறுது, குடிங்க."

"இது டீ இல்ல. கொதிச்ச தண்ணியில இலையப் போட்டு மூடி வெச்சா அதுக்குப் பேரு ஊறல். இலையோட சேத்துக் கொதிக்கவிட்டு, எட்டுல ஒரு பங்கா சுண்டக் காய்ச்சினாத்தான் கஷாயம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணும்."

"சரி, ஊறல் ஆறுது, குடிங்க."

தேன் தொட்டு மாத்திரை விழுங்கினால் தேனுக்குப் பெயர் அனுபானம் என்றார். அதாவது மருந்தை உள்ளே அழைத்துக்கொண்டு போகிற துணை. அவள் தேன் ஜாடியைத் தேடினால், 'அனுபானம் அலமாரியில இருக்கு' என்று குரல் வரும். அவள் இஞ்சி நசுக்கி நெற்றியில் போட்டுக்கொண்டால் அது பற்று. வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டால் ஒத்தடம். அவளும் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா?" என்றாள். முப்பது வருஷமாக அவள் 'அப்படியா' என்று சொன்ன இடங்களிலெல்லாம் பிற்பாடு தனக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் ஒருமுறை உட்கார்ந்து யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

நான்காம் வாரம் அவர் லேபிள் அடித்தார். அறுபத்து நாலு லேபிள், பச்சை பார்டர், மூலையில் ஓர் இலை. அறுபத்து நாலு கண்ணாடிப் புட்டிகளும் வாங்கி ஒட்டினார். எல்லாப் புட்டியும் காலி. மருந்து பின்னால் வரும், முதலில் பெயர் வேண்டும் என்பது அவர் கட்சி.

புட்டிகளை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை பிறந்தது.

வீட்டில் ஒரு சின்ன அறை இருந்தது. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம், கதவைத் திறந்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். மகளின் அறை. மகள் வேலை கிடைத்து வெளியூர் போய் மூன்று மாசம் ஆகிவிட்டது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கின அன்றைக்கே அம்மாவின் கண் அந்த அறைமேல் விழுந்தது. பாவம், அவளுக்கும் வேறு போக்கிடம் இல்லை. திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக் கொடுக்கிறவள். மெஷின் இருந்ததோ சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், அடுப்படி வாசலில். வேளைக்கு வேளை துணியைச் சுருட்டி ஓரம் கட்டிவிட்டுத்தான் தட்டு வைக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைத் திரைச்சீலையில் குழம்புக்கறை பட்டு, முழுசையும் அவிழ்த்துப் புதுத்துணி போட்டுத் தைத்துக்கொடுத்த கதையும் உண்டு.

"அந்த ரூம் எனக்கு வேணுங்க" என்று அவள் மூன்று மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது மருந்தறை" என்றார் லேபிள்காரர்.

"மருந்து எங்க?"

"வரும்."

"வந்தப்புறம் அறை பாக்கலாமே?"

"வைத்தியனுக்கு ஒரு இடம் இல்லாம எப்படி? நாளைக்கு நாலு பேர் தேடி வந்தா சாப்பாட்டு மேசையில வெச்சு நாடி பாக்கச் சொல்றியா?"

இந்தச் சத்தம் எதிர்வீட்டு பஸ் ஓட்டுநருக்குக் கேட்டு, அவர் துண்டோடு வந்து வாசலில் நின்றார். அவருக்கு இரண்டு பேருக்கு நடுவே நின்று நியாயம் பேசுவதில் ஒரு பிரியம்.

"அக்கா, சார் சொல்றதும் நியாயம்தான். ஆனா சார், நீங்க இன்னும் வைத்தியர் ஆகலியே?"

"எட்டு வாரத்துல பரீட்சை. முதல்நிலைச் சான்றிதழ் வாங்கிட்டா ஆயிட்டேன்."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்படியா? சரிங்க. பரீட்சையில பாஸ் பண்ணுங்க, ரூம் உங்களுது. நான் மூச்சு விட மாட்டேன். பாஸ் பண்ணலன்னா மெஷின் உள்ள போகும். தம்பி, நீங்களே சாட்சி."

லேபிள்காரர் சிரித்த சிரிப்பில் புட்டிகள் கிணுகிணுத்தன. முப்பது வருஷமாக ஒரு எழுத்துப் பிழை விடாதவனிடம் பரீட்சை என்று பந்தயம் கட்டுகிறாளே, இவளை என்ன சொல்வது! ஓட்டுநர் மட்டும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வளைவில் எதிரே என்ன வருகிறது என்று ஊகித்தே பழகிய மனிதர்.

"சார், எதுக்கும் ஹாரன் அடிச்சுக்கிட்டே போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதாவது வாரம் வகுப்பு ஆசிரியை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஒல்லியான அம்மாள். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும். பரீட்சையில் சொற்களுக்கு நாற்பது மதிப்பெண்தான் என்றார். மீதி அறுபது, ஒரு நோயாளியை நேரில் அழைத்துவந்து, அவருக்கு எழுதிய மருத்துவக் குறிப்பைக் காட்டினால்தான். காரணம், மருந்து, பத்தியம் என்று மூன்று தலைப்பு. ஐம்பது எடுத்தால் பாஸ்.

நோயாளிக்கு எங்கே போவது? முதலில் ஓட்டுநரைப் பிடித்தார்.

"உங்களுக்கு என்ன உபாதை?"

"ஒண்ணுமில்லையே சார்."

"நல்லா யோசிங்க. தலைவலி? மூட்டுவலி?"

"கடவாய்ப் பல்லு ஒண்ணு ஆடுது."

"பல்லு வேண்டாம். அது பாடத்துல இன்னும் வரல."

"அப்ப எனக்கு வியாதி வர்ற வரைக்கும் காத்திருங்க சார். ஆனா ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி."

அச்சகத்தில் கேட்டார். போன வாரம் வரை ஆளுக்கொரு நோவு சொல்லி லீவு போட்டவர்கள் அத்தனை பேரும் இவர் வைத்தியம் பார்க்கிறார் என்றதும் கல்லுக்குண்டாட்டம் ஆகிவிட்டார்கள். இரண்டு வாரம் அலைந்து, முகம் தொங்கி, வீடு வந்து சேர்ந்தார்.

"எனக்கு முதுகு வலிக்குதுங்க" என்றாள் மனைவி.

லேபிள்காரருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன எதுவும் அவரை இப்படிக் குளிர்வித்ததில்லை. ஓடிப்போய் பேனாவும், தானே அச்சடித்த மருத்துவக் குறிப்பேடும் கொண்டுவந்தார். அதற்கும் பச்சை பார்டர்.

"வலி எப்போலேர்ந்து?"

"மூணு நாலு மாசமா."

"எப்போ ஜாஸ்தி?"

"மெஷின்ல உக்காந்தா."

"எப்படி உக்காருவே?"

"இப்படித்தான், கோணிக்கிட்டு. மேசைக்கால் இடிக்குது. வெளிச்சம் வேற முதுகுப் பக்கமா வருதா, என் நிழல் துணிமேலயே விழுது. குனிஞ்சு குனிஞ்சு பாக்குறேன்."

"காத்து?"

"அடுப்பு அனல்தான்."

அவர் பேனா பறந்தது. 'காரணம்: இருக்கைக் கோணல், ஒளிக்குறைவு, அனல் மிகுதி' என்று எழுதி, படித்துப் பார்த்து, தானே தலையாட்டிக்கொண்டார். மருந்துக்கு வந்தார். காலையும் மாலையும் இஞ்சிக் கஷாயம், அனுபானம் தேன். தினம் அரை மணி நேரம் தைலம் தடவி உப்பு மூட்டை ஒத்தடம். மூன்றாவது தலைப்பில் பேனா நின்றது. பத்தியம் என்றால் மருந்து சாப்பிடுகிற காலத்தில் நோயாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதை விலக்க வேண்டும் என்கிற ஒழுங்கு. அது தெரியும். என்ன எழுதுவது?

"குனியாதேன்னு எழுதுங்களேன்" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"ஒரே வார்த்தையா?"

"ஆமாமா, மார்க் வராது. நீங்க படிச்ச படிப்புக்கு நல்லா விஸ்தாரமா எழுதணும். எனக்கென்ன தெரியும், காத்து வேணும், வெளிச்சம் வேணும்னு சொல்வேன். நீங்கதான் அதை அழகா எழுதுவீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் அவர் தலைக்கு ஏறிவிட்டது. எழுதினார். அடித்தார், திருத்தினார், மறுபடி எழுதினார். மறுநாள் அச்சகத்தில் சாப்பாட்டு வேளையில் தடித்த எழுத்தில் அச்சுக்கோத்தே கொண்டுவந்துவிட்டார்:

'பத்தியம்: நோயாளி, போதிய வெளிச்சமும் நல்ல காற்றோட்டமும் வாய்ந்த தனியிடத்தில், ஜன்னலுக்கு நேர் எதிரே இயந்திரத்தை இட்டு, நிமிர்ந்து அமர்ந்து மட்டுமே தொழில் புரிதல் வேண்டும். காலம்: ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாட்கள்.'

ஒற்றுப் பிழை இல்லை. பார்டர் கோணவில்லை. எந்த இடம், எந்த ஜன்னல் என்று அவர் யோசிக்கவே இல்லை. புட்டிக்குள்ளே என்ன என்பது என்றைக்கும் அவர் இலாகா இல்லையே.

"படிக்கப் படிக்கத் தேனா இருக்குங்க" என்றாள் மனைவி.

"அனுபானம்" என்று திருத்தினார் அவர்.

பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம்தான். அந்த ஒரு வாரமும் வைத்தியம் அமோகமாக நடந்தது. எட்டுக்கு ஒன்றாகக் கஷாயம் சுண்டுகிற வரை அவரே அடுப்பருகே நின்றார். அவள் குப்புறப் படுத்துக் கதைப்புத்தகம் வாசிக்க, தினமும் அரை மணி உப்பு மூட்டையைச் சூடாக்கிச் சூடாக்கி ஒத்தினார். "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்" என்று நோயாளி ஒத்துழைப்புத் தந்தாள்.

பரீட்சை ஒரு நூலகத்தின் மாடியில். சொற்களில் லேபிள்காரரை யாராலும் அசைக்க முடியவில்லை. சூரணத்துக்கும் லேகியத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், ஒன்று காய்ந்த பொடி, மற்றது பாகில் கிளறியது என்று தொடங்கி, கரண்டியைத் தூக்கினால் எப்படி விழ வேண்டும் என்பது வரை கையால் அபிநயித்துக் காட்டினார். நாற்பதுக்கு நாற்பது. மாணவர்கள் கை தட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அறைக்குள் புட்டிகளை அடுக்கிவிட்டு வந்த பார்வை.

ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நோயாளி வாங்கம்மா."

மனைவி எழுந்து வந்து பணிவாக உட்கார்ந்தாள்.

"கஷாயம் குடிச்சீங்களா?"

"ரெண்டு வேளையும்மா. அவரே காய்ச்சித் தந்தாரு."

"ஒத்தடம்?"

"ஒரு நாள் தவறலம்மா. நல்ல கை."

லேபிள்காரர் பூரித்துப்போனார். ஆசிரியை குறிப்பேட்டைப் பார்த்தார். "காரணம் நல்லா கண்டுபிடிச்சிருக்கார். பத்தியமும் ரொம்பத் தெளிவா இருக்கு. அதன்படி இருக்கீங்களா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "அது மட்டும் முடியலம்மா."

"ஏன்?"

"அந்த மாதிரி இடம் நம்ம வீட்ல இருக்கான்னு எனக்குத் தெரியலியே. அவரைத்தான் கேக்கணும்."

அறை முழுக்க அவர் பக்கம் திரும்பியது. அப்போதுதான், தான் அச்சுக்கோத்த வரியை லேபிள்காரர் முதல்முதலாகப் படித்தார். வெளிச்சம். காற்றோட்டம். தனியிடம். ஜன்னலுக்கு நேர் எதிரே. 

"என்ன சார்," என்றார் ஆசிரியை, "வீட்டுல இல்லாத இடத்தையா பத்தியம்னு எழுதினீங்க? கடைப்பிடிக்க முடியாத பத்தியம் எழுதினா குறிப்பு மொத்தமும் செல்லாது. அறுபதும் போயிடும். இடம் இருக்கா, இல்லியா?"

லேபிள்காரர் அவசர அவசரமாகக் கணக்குப் போட்டார். இல்லை என்றால் நாற்பதோடு ஃபெயில். ஃபெயிலானால் மெஷின் அறைக்குள் போகும். இருக்கிறது என்றால் பாஸ். பாஸானால் அறை அவருடையது. ஆனால் மெஷின் அறைக்குள் போகும். எந்தப் பக்கம் ஓடினாலும் அந்த மெஷின் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

"சொல்லுங்க சார்."

"இருக்கு" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"எங்க?"

"மக ரூம்."

"காலியாவா இருக்கு?"

"காலி... மாதிரிதான்."

"அப்ப இன்னிக்கே மாத்திடணும். தையல் மெஷின் ஓட்டுறவங்க முதுகு விளையாட்டில்ல." கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தேதியும் எழுதினார். தொண்ணூற்றாறு மதிப்பெண். நாலு மதிப்பெண்ணைப் பத்தியம் தொடங்கத் தாமதம் என்று குறைத்திருந்தார். வகுப்பிலேயே முதல் ஆள்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"செல்லாதுங்கிற விதி உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமேங்க. நோட்டீஸ் பின்பக்கம் போட்டிருந்துச்சே. வீணான தாளுன்னு ஒரு கட்டு கொண்டாந்து குடுத்தீங்க, அதுலதான நான் உறைக்கு அளவு வெட்டுறேன். வெட்டும்போது படிச்சேன்."

அந்த வரியில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்ததைச் சிவப்பு மையால் திருத்தியவர் அவர்தான். அது நன்றாகவே ஞாபகம் வந்தது. என்ன சொல்லியிருந்தது என்பதுதான் வரவில்லை.

அன்றைக்கே ஓட்டுநர் வந்து ஒரு கை பிடித்தார். மெஷின் உள்ளே போயிற்று, ஜன்னலுக்கு நேர் எதிரே. புட்டிகள் அட்டைப்பெட்டியில் ஏறிக் கட்டிலுக்கு அடியில் போயின.

"பாஸ் பண்ணினா ரூம் எனக்குன்னு சொன்னியே!" என்று லேபிள்காரர் வாசலில் நின்று குரலை உயர்த்தினார். "தம்பி சாட்சி!"

"இப்பவும் சொல்றேன், ரூம் உங்களுதுதான். நான் யாரு இல்லன்னு சொல்ல? வைத்தியரோட அறையில நோயாளி உக்காந்திருக்கேன், அவ்வளவுதானே."

ஓட்டுநர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார்.

லேபிள்காரர் ஒரு நாள் சோர்ந்து உட்கார்ந்தார். மறுநாள் பழையபடி நிமிர்ந்துவிட்டார். தோற்றதாக அவருக்குத் தோன்றவே இல்லை. மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். அதை எழுதினவர் அவரேதான். நாற்பத்தொன்பதாம் நாள் பத்தியம் முடிகிறது, நோயாளி எழுந்து போக வேண்டியதுதானே? நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தார். கஷாயத்தில் குறை வைக்கவில்லை. ஒத்தடத்தை அரை மணியிலிருந்து முக்கால் மணியாக ஏற்றினார். நோய் மிச்சமிருந்து அது ஒரு சாக்காகிவிடக் கூடாதே! அறைக்குள் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. திரைச்சீலைகள் கறையில்லாமல் வெளியே போயின. அவள் வேலை செய்துகொண்டே பாடக்கூடச் செய்தாள். இருபது வருஷமாக அவள் பாடிக் கேட்டதில்லை என்பது அவருக்கு ஒரு கணம் உறைத்தது. ஆனாலும் கொள்கை கொள்கைதான் என்று நாளை அடித்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் அச்சகத்திலிருந்து ஒரு பலகையோடு வந்தார். 'மருந்தறை' என்று தங்க எழுத்து, பச்சை பார்டர். ஓட்டுநரையும் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"இன்னியோட மண்டலம் முடியுது. நோயாளி உண்மையச் சொல்லணும். முதுகு வலி எப்படி இருக்கு?"

மெஷின் நின்றது. மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து, முகமெல்லாம் மலர அவரைப் பார்த்தாள்.

"சுத்தமாப் போயிடுச்சுங்க. மருந்துக்குக்கூட வலி இல்ல. உங்க வைத்தியம்னா சும்மாவா?"

லேபிள்காரர் வெற்றியோடு ஓட்டுநரைப் பார்த்தார். பலகையை ஆணியில் மாட்டக் கையைத் தூக்கினார்.

"அதனாலதாங்க," என்றாள் அவள் மறுபடி மெஷினை மிதித்தபடி, "பத்தியத்த நிறுத்தப் பயமா இருக்கு."